நான்கு போல்ட்டுக்கும் சிவப்புப் பொட்டு

தம்பி,

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் நீ நேராகக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போயிருப்பாய். அப்பா இவ்வளவு தடிமனாக எதற்கு எழுதுகிறார், உடம்புக்கு ஏதாவதா, கல்யாணத்தில் ஏதாவது குழப்பமா என்று தேடியிருப்பாய். அந்தப் புத்தி என்னிடமிருந்து உனக்கு வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்யாணத்திலும் குழப்பமில்லை. மண்டபக்காரன் மட்டும் எதையோ மறைக்கிறான் என்று படுகிறது. அவனை உன் மாமா பார்த்துக்கொள்கிறார், உன் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இது வேறு விஷயம். போனில் சொல்லலாம் என்று நாலைந்து முறை கையில் எடுத்தேன். நீ அங்கே குவைத்தில், ஃபஹாஹீலில் எடுத்து, "சாப்ட்டீங்களாப்பா, அம்மா சாப்ட்டாங்களா, சரிப்பா, டூட்டில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். இரண்டு வருடமாக நம் பேச்சு அவ்வளவுதான். அந்த இரண்டு வருடம் ஏன் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தெரிவதற்கு முன்னால் நான் யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று கேட்டால் நீ சிரிப்பாய், அல்லது போனை வைத்துவிடுவாய். முதலில் வேலை போய்விட்டது, சொல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். பிறகு ஏதாவது வியாதி என்று நினைத்தேன். நித்யாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ உன் அம்மாவிடம் சொன்ன பிறகு, எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். உன் ரூமில் இருக்கும் அந்தத் தென்காசிப் பையனுக்குப் போன் செய்து அவளைப் பற்றி விசாரித்தேன். அவன் என்ன நினைத்தானோ, "அங்கிள், நல்ல பொண்ணுதான் அங்கிள்" என்று மூன்று தடவை சொன்னான். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். மூன்று தடவை சொன்னதால் அவன் மேலும் சந்தேகம் வந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவன் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நான் சொல்வது மேல்.

நான் பிறவியிலேயே இப்படி இல்லை. நீ பிறந்த வருடம், இங்கே புஜைராவில் கப்பல் ரிப்பேர் பட்டறையில் நான் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்த புதிது. பட்டறையிலிருந்து ஒரு போல்ட் வெளியே போகவேண்டும் என்றாலும் கேட் பாஸ் வேண்டும், அதில் என் கையெழுத்து வேண்டும். ஒருநாள் மத்தியானம், என் கூடவே சாப்பிடுகிற நம்ம ஊர்க்காரன் ஒருத்தன், "அண்ணே, பழைய கயிறுதாண்ணே, வண்டி நிக்குது, போட்டுக் குடுங்க" என்றான். நான் சோற்றுக் கையோடு இடது கையால் கையெழுத்துப் போட்டேன். கயிற்றுக்கு அடியில் செம்புக் கேபிள் இருந்தது. கேட்டில் பிடித்தார்கள். அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை அனுப்பவில்லை. மேனேஜருக்கு என் முகத்தைப் பார்த்தால் முட்டாள் என்று தோன்றியிருக்கிறது, அதுதான் என்னைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்காமல் நான் விட்டதில்லை. பட்டறையில் அது நல்ல குணம். வீட்டிலும் அதையே செய்தேன். நீ பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். உன் அம்மா அணைத்த கேஸை மறுபடி திருகினேன். உன் ஸ்கூல் பையைக்கூட கேட்டில் நிற்கிற மாதிரி நின்று சோதித்திருக்கிறேன்.

அந்தப் படகு மோட்டார் வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கக் கதை தெரியாது. நம் வீட்டுச் சொந்தக்காரர் அந்தக் கிழவர், அர்பாப், பின்பக்கக் கொட்டகையைக் காலி செய்தபோது, உப்புப் பூத்து, மீன் வலை சுற்றி, பல்லி முட்டையிட்டுக் கிடந்தது அது. பதினெட்டு வயதில் நீ அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் கையை வீசி, "ஷீல், ஷீல், மாஃபி ஃபுலூஸ்" என்றார். எடுத்துக்கொள், காசு வேண்டாம் என்று. காசு வேண்டாம் என்று ஒருத்தன் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது. அது திருட்டு மோட்டாராக இருந்தால்? நம்பர் பிளேட்டு தேய்ந்திருக்கிறதே, யாராவது சுரண்டியிருந்தால்? நாளைக்குப் போலீஸ் வந்தால் விசா கேன்சல், மூன்று பேரும் ஒரே பிளேனில் ஊருக்கு. அதனால் பட்டறை கேட் பாஸ் மாதிரியே ஒரு தாளில் எழுதி, இன்ன பொருள், இன்ன நிலையில், இனாமாகக் கொடுக்கப்பட்டது என்று அந்தக் கிழவரிடம் நீட்டினேன். நீ வெட்கத்தில் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டாய். அவர் கண்ணாடி போட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பி, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்கப்புறம் நாலு மாதம் நீ அதைச் சரிசெய்த அழகை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் எண்ணெய் ஊற்றி, இறுகிக் கிடந்த பிஸ்டன் இளகும் வரை பத்து நாள் காத்திருந்தாய். பத்து நாள் உன்னால் எதற்கும் காத்திருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் அல்வா மாதிரி உறைந்திருந்ததைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டினாய். நீ முறுக்கிய போல்ட்டையெல்லாம் நான் பின்னாலேயே வந்து ஸ்பேனர் வைத்து மறுபடி முறுக்கிப் பார்ப்பேன். ஒருநாள் நீ கத்தவில்லை, சண்டை போடவில்லை. உன் அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷைக் கொண்டுவந்து, முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு பொட்டு வைத்தாய். "பொட்டு வச்சது டைட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்ப்பா. இதத் தொடாதீங்க" என்றாய். அப்படியும் இரண்டைத் தொட்டேன்.

இனி எழுதப்போவதை எட்டு வருடமாக, போன வாரம் வரை, நான் யாரிடமும் சொல்லவில்லை. மோட்டார் வேலை முடிந்த வாரம், வியாழக்கிழமை நீ உன் கூட்டாளி அனீஷிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். அவனுடைய அப்பாவுக்குப் படகு இருந்தது. "வெள்ளிக்கிழமை காலைலயே. அப்பாவுக்குத் தெரியக் கூடாதுடா" என்றாய். என் காதில் விழுந்தது அவ்வளவுதான், எனக்கு அதுவே போதும். நீங்கள் இரண்டு பேரும் மோட்டாரைப் படகில் மாட்டி, லைசென்ஸ் இல்லாமல், டேங்கர்கள் நங்கூரம் போட்டு நிற்கிற பக்கம் போய், கோஸ்ட் கார்டு பிடித்து, கேஸ் ஆகி, விசா கேன்சலாகி, இரண்டு பேரும் செத்தும் போய்விட்டீர்கள், எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் என் தலைக்குள் நடந்து முடிந்தது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வாய் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

நீ டியூஷனுக்குப் போனதும், ஜன்னல் வழியாக நாலு மாதம் பார்த்த பாடத்தை வைத்துக்கொண்டு, மோட்டாரின் கீழ்ப்பாகத்தை இறக்கினேன். தண்டின் மேல் சின்னக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்குமே தண்ணீர் பம்ப், அதன் நான்கு போல்ட்டையும் கழற்றினேன். உள்ளே ஆறு இதழ் வைத்த ரப்பர் சக்கரம். அதுதான் கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைப்பது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாவிட்டால் படகு கொஞ்ச தூரம்கூடப் போகாது, நீங்கள் கரைக்குத் திரும்பிவிடுவீர்கள் என்பது என் கணக்கு. எல்லாவற்றையும் மூடி, முறுக்கி, உன் அம்மாவின் மேஜையிலிருந்து அதே நெயில் பாலிஷை எடுத்து நான்கு போல்ட்டுக்கும் பொட்டு வைத்தேன். அடுத்தவன் முத்திரையை உடைத்தானா என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்த நான், என் மகனுடைய முத்திரையை உடைத்து, அதே மாதிரி ஒட்டியும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. அப்போதெல்லாம் வெள்ளிதான் லீவு. நான் படுக்கையில் இருந்தேன். பின்பக்கத்தில் இரண்டு தடவை கயிறு இழுக்கிற சத்தம், மூன்றாவது தடவை மோட்டார் பிடித்துக்கொண்டது. வீடே அதிர்ந்தது. அனீஷ் ஊளையிட்டான். நீ, "அப்பா எந்திரிச்சு வந்து பாக்கட்டும்டா" என்று கத்தினாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் எந்தக் கடலுக்கும் போகவில்லை. நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் நிறுத்தி, நான் தூங்கி எழும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு எழவேண்டும் என்று நினைத்திருக்கிறாய். எனக்குத் தெரியக் கூடாது என்றது அதைத்தான்.

அந்த மோட்டார் இரண்டு மூன்று நிமிடம் ஓடியது. எனக்கு அந்த இரண்டு மூன்று நிமிடமும் இருந்தது. "நிறுத்துடா" என்று படுத்தபடியே ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போட்டால், உள்ளே ரப்பர் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதனால் போடவில்லை. போர்வையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். நீ அனீஷிடம், "தண்ணி அடிக்கலையே, பின்னால ஓட்டை அடச்சிருக்கு, கம்பி எட்றா" என்றது கேட்டது. பம்ப் ஒழுங்காக வேலை செய்தால் பின்னால் சிறு ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சும். அது பீய்ச்சவில்லை. நீ ஓட்டையைக் குத்திக்கொண்டிருந்தாய். குத்திக்கொண்டிருக்கும்போதே பெயிண்ட் கருகிய நாற்றம் வந்து, டக்கென்று இறுகி நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் நான் எழுந்து வந்தேன், அப்போதுதான் விழித்தவன் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு.

இதைவிட மோசமானது அதன் பிறகு நான் சொன்னது. நீ அழுகிற மாதிரி நின்றாய். நான், "பம்ப சரியா மாட்டல நீ. அவசரக் குடுக்கை. கலாஸ், முடிஞ்சுது, இனிமே இதப் பிரிக்கக் கூடாது" என்று சொல்லி, நானே தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். நீ பிரித்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயம். நீ என்னை நம்பினாய். மூன்று மாதம் கழித்து மெரைன் இன்ஜினியரிங் அப்ளிகேஷனை நிரப்பாமலே வைத்துவிட்டு, பி.காம். போகிறேன் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "என் கையில மெஷின் நிக்காதுப்பா" என்றாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கடலுக்குப் போகாமல் ஆபீசில் உட்கார்ந்தால் பத்திரமாக இருப்பாய் என்று ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. ரப்பர் சக்கரத்தை என் பழைய லேபர் கான்ட்ராக்ட் ஃபைலுக்குள் வைத்தேன். ஒவ்வொரு முறை விசா புதுப்பிக்க அந்த ஃபைலை எடுக்கும்போதும் அது என் கையில் தட்டுப்படும். தூக்கிப் போடவும் முடியவில்லை.

இந்த வருடத்தோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. விசாவைக் கேன்சல் செய்துவிட்டு, வீட்டைக் காலி செய்து, உன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிற நாங்கள் இனி திரும்பப்போவதில்லை. அதனால் ஆறு மாதமாக அந்த மோட்டாரைச் சரிசெய்கிறேன். உன் அம்மாவிடம் உனக்குக் கல்யாணப் பரிசு என்று சொன்னேன். பொய். யாருக்கும் தெரியாமல் அந்த ரப்பரைப் பழைய இடத்தில் வைத்து மூடிவிட்டால் கதை முடிந்தது என்பதுதான் என் எண்ணம். திருடினவன் பொருளைத் திரும்ப வைக்க வருவதில்லையா, அந்த மாதிரி. உப்பைச் சுரண்டி, உடைந்த போல்ட்டுகளைத் துளைபோட்டு எடுத்து, நீ செய்தது போலவே எண்ணெய் ஊற்றிப் பத்து நாள் காத்திருந்தேன். பதினோராம் நாள் பிஸ்டன் இளகியது. ரிங் இரண்டையும் மாற்றினேன். பம்பை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன், உன் அம்மா கோயில்காரர்களோடு துபாய்க்குப் போகிற நாளாகப் பார்த்து.

கீழ்ப்பாகத்தை இறக்கினால் நான்கு போல்ட்டிலும் பொட்டு இருந்தது. ஆனால் சிவப்பு இல்லை. கத்திரிப்பூ நிறம். நான் வைத்தது சிவப்பு, எனக்கு நன்றாகத் தெரியும். கழற்றித் திறந்தால், காலியாக இருக்கவேண்டிய இடத்தில் புது ரப்பர் உட்கார்ந்திருக்கிறது. கையில் பழையதை வைத்துக்கொண்டு நான் நின்ற கோலத்தை யாரும் பார்க்கவில்லை. முதலில் அர்பாப்பைச் சந்தேகப்பட்டேன். பிறகு மாடிவீட்டுப் பாகிஸ்தானி டிரைவரை. உன்னை நினைக்கவேயில்லை. சாயங்காலம் உன் அம்மா வந்ததும் அந்தப் பொட்டைக் காட்டினேன். பார்த்ததும் சொன்னாள், "இது ரெண்டு வருஷம் முன்ன ஈத் லீவுக்கு வந்தப்ப தம்பி எங்கிட்ட கேட்டு வாங்குனான். கொவைத்திலேந்து ஒரு ரப்பர் சாமான் வாங்கியாந்தான். நான்தாம்மா அப்ப தப்பா மாட்டிக் கெடுத்தேன், அப்பா டூட்டி விட்டு வர்றதுக்குள்ள சரிபண்ணிடுறேன்னான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு நாள் முன்னாடியே கெளம்பிட்டான். உங்க ரெண்டு பேருக்கும் என்னங்க சண்டை?"

அவளிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெயில் பாலிஷ் பாட்டிலை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் சோறு போட்டாள், பேசவில்லை.

நீ உன் தப்பைச் சரிசெய்ய வந்து என் தப்பைத் திறந்திருக்கிறாய். ரப்பர் எரிந்தே போயிருந்தாலும் அதன் நடுவில் இருக்கிற பித்தளை வளையம் எரியாது. அதுவும் உள்ளே இல்லையென்றால் ஒரு கை எடுத்திருக்கிறது. வீட்டில் ஸ்பேனர் பிடிக்கிற கை இரண்டே பேருக்குத்தான். நீ அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாய், என் மகன் இல்லையா. அப்புறம் ஏன் புதியதை மாட்டி மூடினாய் என்பதுதான் ஒரு வாரமாக என்னைக் குடைகிறது. மன்னித்துவிட்டாயா? அல்லது ஒருநாள் நான் திறப்பேன், திறக்கும்போது என் முகம் எப்படிப் போகும் என்று தெரிந்தே வைத்தாயா? இல்லை, வாங்கிவந்த சாமானை வீணாக்கவேண்டாம் என்று மாட்டினாயா? மூன்றில் எது என்று நான் தென்காசிப் பையனுக்குப் போன் செய்து கேட்கப்போவதில்லை. நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் விட்டுவிடுகிறேன். இப்படி எழுதவே எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். நித்யா போனில் யாரிடமாவது "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்வது உன் காதில் விழும், இன்றில்லாவிட்டால் என்றாவது ஒருநாள். அப்போது உன் தலைக்குள் கோஸ்ட் கார்டு வருவான், போலீஸ் வருவான், எல்லோரும் வருவார்கள். அவர்களோடு பேசாதே. அவளிடம் நேராகப் போய்க் கேள். கேட்க வாய் வரவில்லை என்றால் காத்திரு. பத்து நாள் காத்திருக்கத் தெரிந்தவன் நீ. அவள் பையைத் திறக்காதே, அவள் பூட்டியதை இழுத்துப் பார்க்காதே. அவள் நல்லவளா என்று நான் விசாரித்தது தப்பு, அவளிடம் நானே சொல்கிறேன். இதற்கெல்லாம் மேலே ஒன்று. உன் கையில் மெஷின் நிற்கும், தம்பி. அன்றும் நின்றது. நீ மாட்டியது சரியாகத்தான் இருந்தது. என் கைதான் உள்ளே போனது. இந்த ஒரு வரியை எட்டு வருடம் முன்பு சொல்லியிருந்தால் நீ இன்று எந்தக் கப்பலில் இருந்திருப்பாயோ தெரியாது. அதை எப்படித் திருப்பித் தருவது என்றும் எனக்குத் தெரியவில்லை. நான் உனக்குச் செய்தது பெரிய அநியாயம்.

நாங்கள் கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கல்யாண லீவில் இரண்டு நாளை முன்னால் எடுத்து இங்கே வந்துவிட்டுப் போக முடியுமா? நீ மாட்டிய ரப்பர் அப்படியே உள்ளே இருக்கிறது. பம்ப் மூடியை வைத்து நான்கு போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி விட்டிருக்கிறேன். ஸ்பேனரை நான் தொடவில்லை. அதே நீல டிரம்மைக் கழுவி வைத்திருக்கிறேன். உன் அம்மா புது நெயில் பாலிஷ் வாங்கி வைத்திருக்கிறாள். சிவப்புதான். நீ முறுக்கு, நீயே பொட்டு வை. அதற்கப்புறம் என் கை அதன் பக்கம் வராது. நீ வரவில்லை என்றால் மோட்டாரை இப்படியே அர்பாப்பிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வந்தால், கயிற்றை நீ இழுக்கும்போது நான் படுக்கையில் இருக்கமாட்டேன். டிரம்முக்குப் பக்கத்தில், அந்தச் சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் கத்துகிறவன் நானாக இருப்பேன்.

உன் அப்பா